தூக்கச்சாக்குகளை ஏன் தட்டுகிறோம்

போன வாரம் ஜின்சி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு சுற்றுலாக்காரர்கள் தங்கும் எங்கள் மலை முகாமின் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எதற்கும் காரணம் கேட்பாள்.

"சரசு சேச்சி, புதுசா ஒரு மெஷின் வந்திருக்கு. ஸ்லீப்பிங் பேக்கை உறையில போட்டுக் குழாயை வெச்சா உள்ள இருக்கிற காத்தை எல்லாம் உறிஞ்சிடும். பலகை மாதிரி ஆயிடும். மொத்தத்தையும் ஒரே அலமாரியில அடுக்கிட்டு, அந்த ரூமைக் கெஸ்ட்டுக்கு விடலாம்னு ஆபீஸ்ல சொல்றாங்க" என்றாள்.

அந்த மெஷினைத் தொடாதே என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அவள் அசரவில்லை. அடுத்ததைக் கேட்டாள். "அது இருக்கட்டும். வருஷா வருஷம் புரட்டாசியில பையை எல்லாம் டீ ஃபேக்டரி மாடிக்குக் கொண்டுபோய்ப் பரப்பி, லயத்துப் பெண்களைக் கூப்பிட்டுத் தட்டணும்னு சொல்லிட்டுப் போனீங்களே, அது எதுக்கு? எந்த வீடியோவிலயும் அப்படிச் செய்யறதா நான் பாத்ததில்லையே."

அது போனில் சொல்கிற விஷயமில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

பள்ளிவாசல் என்ற ஊருக்கு மேலே ஓர் எஸ்டேட் லயத்தில் பிறந்தவள் நான். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். கல்யாணமாகும் வரை கொழுந்து பறித்தேன். பிறகு ஃபேக்டரியில் தூளுக்குள் கிடக்கும் காம்பைப் பொறுக்கும் வேலை. ஆள் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். அந்த நேரத்தில்தான் எர்ணாகுளத்து முதலாளி ஒருவர் எங்கள் மலைச்சரிவில் கூடார முகாம் ஆரம்பித்தார். கூட்டிப் பெருக்கப் போனவளை ஸ்டோருக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர்தான் பொன்னுச்சாமி சார்.

அவர் பாலக்காட்டுக்குக் கிழக்கே, கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக்காரர். வயலும் தென்னையுமாக வசதியான குடும்பம். ராணுவத்தில் சேர்ந்து வடக்கே பனிமலையில் ஸ்டோர் பார்த்து ஓய்வு பெற்றவர். ராணுவக்காரர் என்றால் சத்தம் போடுவார் என்று பயந்துகொண்டு போனேன். அவருக்குச் சத்தமே வரவில்லை. என்னைவிட இருபது வயது மூத்தவர் என்னை 'அம்மிணி' என்றும் 'ங்க' என்றும் கூப்பிட்டதில் எனக்கு முதலில் எரிச்சல்தான். எங்கள் லயத்தில் அவ்வளவு மரியாதையாக ஒருவர் பேசினால் கடன் கேட்கப் போகிறார் என்று அர்த்தம்.

ஸ்லீப்பிங் பேக்குக்கு எங்கள் லயத்தில் தூக்கச்சாக்கு என்று பெயர். முகாமில் இருந்தவை சாதாரணமானவை அல்ல. மலை உச்சிக் கூடாரத்துக்கென்று, வாத்தின் நெஞ்சில் இருக்கும் மெல்லிய தூவி நிரப்பியவற்றை முதலாளியிடம் சொல்லி வாங்க வைத்திருந்தார் சார். பறக்கிற அளவு லேசு, பயங்கரப் பருமன். ஒன்றை விரித்துப் போட்டால் ஒரு கன்றுக்குட்டி படுத்திருக்கிற இடத்தை அடைத்துக்கொள்ளும்.

முதல் நாளே நான் அவற்றை அழகாக நாலாய் மடித்து, முழங்காலால் அமுக்கி, கயிறு போட்டுக் கட்டி அடுக்கி வைத்தேன். ஃபேக்டரியில் எங்களுக்குப் படிந்த பழக்கம் அது. தேயிலைக்குக் காற்று எதிரி. எவ்வளவு இறுக்கிக் கட்டுகிறோமோ அவ்வளவு நல்லது. சார் வந்து பார்த்தார். ஒவ்வொரு கயிறாக அவிழ்த்தார். எல்லாவற்றையும் அவிழ்த்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அதுக்கும் மூச்சு விட எடம் வேணுமல்லங்க?"

அவர் முறை இதுதான். மலையிலிருந்து பை இறங்கியதும் ஜிப்பைத் திறந்து உள்புறம் வெளியே வரும்படி புரட்டி நிழலில் போட வேண்டும். வெயிலில் கூடாது. பிறகு மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு கையை அடிவரை விட வேண்டும். தோள்பட்டை வரை உள்ளே போய்விடும். படுக்கிறவர்களின் வியர்வையும் கூடாரத்துப் பனி ஈரமும் கால்மாட்டில் போய்த்தான் தங்கும், மேலே தொட்டால் தெரியாது என்பார். காய்ந்துவிட்டது என்று தெரிந்தால் பெரிய பருத்திச் சாக்கில் தளர்வாகப் போட்டு, சுவரில் படாமல் கம்பியில் தொங்கவிட வேண்டும். மலைக்குப் போகும் அன்று காலையில்தான் சின்ன உறைக்குள் போகும். அப்போதும் மடிக்கக் கூடாது, சுருட்டக் கூடாது. கால்மாட்டிலிருந்து ஆரம்பித்துப் பிடி பிடியாகத் திணிக்க வேண்டும். மடித்தால் மடித்த இடத்திலேயே மறுபடி மறுபடி மடிந்து தூவி நொறுங்கிவிடும். திணித்தால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் கசங்கும்.

இத்தனை நறுவிசான மனிதருக்கு, திணிப்பதுதான் முறை என்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கேட்டேன்.

"பாக்க அழகா இருக்கோணும்னு நாம மடிக்கிறோமுங்க. அது நம்ம அழகு. பைக்கு அதுனால என்னங்க பிரயோசனம்?" என்றார்.

சாயங்காலம் ஸ்டோரைப் பூட்டுமுன் தினமும் ஒரே கேள்வி. "கால்மாட்டுல கை விட்டுப் பாத்தீங்களாங்க?" பார்த்தேன் என்று சொன்னாலும் அவர் ஒருமுறை கையை விட்டுப் பார்ப்பார். உன்னை நம்பவில்லை என்பது போல இருக்கும். பற்றிக்கொண்டு வரும். சில வருடங்கள் போன பிறகுதான், அவர் தன்னையும் நம்புவதில்லை என்று புரிந்தது. தான் பார்த்ததையும் போகிற போக்கில் இன்னொரு முறை பார்ப்பார்.

இனி, அந்த ஆடி மாதத்து மழை.

எங்கள் மலையில் மழை பெய்வது செய்தியில்லை. ஆனால் அந்த முறை விடாமல் கொட்டி, லயத்துக்குப் பின்னால் இருந்த மண்மேடு நகர ஆரம்பித்தது. உயிருக்குச் சேதமில்லை. கடைசி வரிசை வீடுகளுக்குள் சேறு புகுந்தது. எல்லாரையும் கிளப்பி எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். கம்பளி, பாய், சேலை எல்லாம் சேற்றில் போயிற்று. சிமெண்ட் தரை, உடைந்த ஜன்னல், உள்ளே சாரல். பேச்சியம்மா அக்காவின் மகள் பிரசவித்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு பல் கிட்டிக்க உட்கார்ந்திருந்தாள். பேச்சியம்மா அக்கா ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து இடத்தில் காம்பு பொறுக்கியவள். அவளைப் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக முகாமுக்கு வந்தேன்.

ஸ்டோரில் பைகள் அத்தனையும் காய்ந்து, ஊதிப்போய், வரிசையாகத் தொங்குகின்றன. ஆனால் முதலாளியின் எழுத்து இல்லாமல் ஒரு கயிறுகூட வெளியே போகக்கூடாது என்பது விதி. போன் செத்துக் கிடந்தது. ரோடும் இல்லை. விதி என்றால் விதி என்று நிற்பவர் சார். கெஞ்ச வேண்டியிருக்கும், சண்டைகூடப் போட வேண்டியிருக்கும் என்று நினைத்துத் தயாராக வந்திருந்தேன். நான் சொல்லி முடிக்குமுன் அவர் சாவியை எடுத்துவிட்டார்.

"பாலித்தீன் சுத்தி எடுத்துக்கோங்க. நனையாமக் கொண்டுபோய்ச் சேக்கோணும்" என்றார். அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் புதுச் சிக்கல். யாரும் பைக்குள் போக மாட்டேன் என்றார்கள்.

"என்னளா சரசு, பொணத்தைக் கட்டுத மாதிரில்லா இருக்கு! நாங்க உசிரோட இருக்கணும்னுதான இங்க வந்து கெடக்கோம்" என்றாள் பேச்சியம்மா அக்கா. அவள் சொன்னதும் மற்றவர்களும் பையைத் தள்ளிவைத்துவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்து நாலு வார்த்தை சொன்னேன். அதனால் அவர்கள் இன்னும் தள்ளி உட்கார்ந்ததுதான் மிச்சம்.

சார் செருப்பைக் கழற்றினார். எல்லாருக்கும் நடுவில் ஒரு பையை விரித்து, உள்ளே இறங்கி, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து, மல்லாந்து படுத்தார். நரைத்த மீசையும் மூக்கும்தான் வெளியே தெரிந்தன. சின்னப்பிள்ளைகள் சிரித்தன. ராணுவத்தில் இருந்த மனிதர், ஸ்டோரில் சட்டைப் பொத்தான்கூட அவிழ்க்காதவர், புழு மாதிரி நெளிந்து பக்கவாட்டில் திரும்பிக் காட்டினார்.

"பாருங்கம்மா, உசிரோடதான் இருக்கேனுங்க. ஒடம்புச் சூடு வெளிய போகாதுங்க. குழந்தைய நெஞ்சோட வெச்சுக்கிட்டு அந்தப் பொண்ணு இதுல படுக்கட்டுமுங்க."

பேச்சியம்மா அக்காவின் மகள்தான் முதலில் படுத்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் நடுக்கம் நின்றது. பிள்ளை பால் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள்.

மழை விட்டு, ஆவணியில் பைகள் திரும்பி வந்தன. இதுதான் ஜின்சி கவனமாகப் படிக்க வேண்டிய இடம்.

எங்கள் ஆட்கள் இரவல் வாங்கிய பாத்திரத்தைக் கழுவாமல் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். கழுவினாலும் வெறுமையாகக் கொடுக்க மாட்டார்கள். ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். இவ்வளவு பெரிய உதவிக்கு இவ்வளவு பெரிய பையைச் சும்மா கொடுப்பார்களா? அத்தனை பெண்களும் சேர்ந்து ஓடைக்கு எடுத்துப்போய், சவுக்காரம் போட்டு, கல்லில் அடி அடியென்று அடித்து, இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து முறுக்கிப் பிழிந்திருக்கிறார்கள். வெயில் இல்லாததால் அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் காயவைத்திருக்கிறார்கள். பிறகு நாலாய் மடித்து, அமுக்கி, கயிறு போட்டுக் கட்டி, தலைச்சுமையாகக் கொண்டுவந்து ஸ்டோர் வாசலில் அடுக்கினார்கள். பேச்சியம்மா அக்கா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"அழுக்குன்னு ஒரு சொட்டு இருக்கா பாரு சார்!"

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நெற்குதிர் மாதிரி ஊதியிருந்த பைகள் வெறும் துணியாகத் தொங்கின. உள்ளே தூவி எல்லாம் ஈரத்தில் உருண்டு கட்டி கட்டியாக ஓரத்தில் ஒதுங்கிக் கிடந்தது. சிலவற்றில் உள்தையலே விட்டுப்போயிருந்தது. அறிவிருக்கா உங்களுக்கு என்று கேட்க வாயைத் திறந்தேன்.

சார் அதற்குள் ஒரு பையை அவிழ்த்து, வழக்கம்போல் கால்மாட்டில் கையை விட்டார். கை அப்படியே நின்றது. மெதுவாக வெளியே எடுத்தார். உள்ளங்கையில் ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் கருப்பட்டி. அடுத்த பையில் ஒரு பிடி ஏலக்காய். அடுத்ததில் டீத்தூள். சேற்றில் சட்டி பானை எல்லாம் போனவர்கள் ஒவ்வொரு பையிலும் எதையோ ஒன்றை வைத்திருந்தார்கள்.

"ரொம்பச் சுத்தமா இருக்குதுங்கம்மா" என்றார் சார். என் பக்கம் திரும்பிப் பார்த்த பார்வையில் என் வாய் மூடிக்கொண்டது.

அவர்கள் போன பிறகு நான் குதித்தேன். சீசன் வரப்போகிறது, உச்சிக் கூடாரத்தில் ஆட்கள் எதில் படுப்பார்கள், முதலாளி விடுவாரா என்றெல்லாம் கத்தினேன். அவர் பொட்டலங்களை அலமாரியில் வரிசையாக வைத்துவிட்டுச் சொன்னார்.

"அவங்க நமக்குச் செஞ்ச மரியாதைங்க இது. தப்புன்னு அவங்க காதுல விழவே கூடாதுங்க. காய வைக்கிறதுக்கு வழி பாக்கலாம்."

வழி எங்கள் ஃபேக்டரி மாடியில் இருந்தது. பறித்த கொழுந்தை அங்கேதான் வாட்டுவார்கள். நீளநீளமான கம்பிவலைத் தட்டில் இலையைப் பரப்பினால் அடியிலிருந்து மின்விசிறி காற்றை மேலே தள்ளும். மழையால் கொழுந்து வரத்து குறைந்து பாதித் தட்டுகள் சும்மா கிடந்தன. தூள் தயாரிப்பை மேற்பார்க்கும் டீமேக்கரிடம் சார் நேரில் போய் அனுமதி கேட்டார். பிறகு லயத்துக்குப் போய்ப் பெண்களைக் கூப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? "சீசனுக்கு முன்னால இதையெல்லாம் காத்துல போட்டுத் தட்டோணுமுங்க. வருஷா வருஷம் செய்யற வேலைதான். உங்க கை மாதிரிப் பழகுன கை வேற இல்லீங்க, வர்றீங்களா?"

வந்தார்கள். தட்டில் பையைப் பரப்பி, துணிக்கு மேலேயே விரலால் கட்டியைத் தேடிப் பிடித்து, நசுக்காமல், பிய்க்காமல், உதிர்த்துவிட்டார்கள். உதிர்த்துத் தட்டி, திருப்பிப் போட்டு, மறுபடி உதிர்த்தார்கள். வாரக்கணக்கில் போயிற்று அந்த வேலை. பாதிப் பைகளுக்கு மேல் பழையபடி ஊதி எழுந்தன. தையல் விட்டவை எழவில்லை.

சீசனில் முதலாளி வந்தார். உச்சிக் கூடாரத்தில் குளிர் தாங்கவில்லை என்று விருந்தினர்கள் புகார் சொல்லியிருந்தார்கள். கெட்ட மனிதரில்லை அவர். மழைக்குப் பைகளைக் கொடுத்ததற்கு ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, நல்ல காரியம் என்றுதான் சொன்னார். ஆனால் ஒரு பையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்ததும் முகம் மாறியது.

"ஆரா இது அலக்கியது?" யார் துவைத்தது என்று கேட்கிறார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். சார் முன்னால் வந்து நின்றார்.

"நான்தானுங்க சார். அடிச்சுத் துவைச்சுக் குடுங்கன்னு நான்தான் சொன்னேனுங்க. தெரியாமப் பண்ணிப்போட்டேன்."

பனிமலையில் ஆயுள் முழுக்க இந்தப் பைகளோடு இருந்த மனிதர், தெரியாமல் என்று சொன்னார். முதலாளி அவரை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சீசன் முடியட்டும் என்று மட்டும் சொன்னார். மாசியில் சார் ஊருக்குப் போக வேண்டியதாயிற்று. சாவி என் கைக்கு வந்தது.

போகுமுன் அவரைப் பிடித்துச் சண்டை போட்டேன். உங்களுக்கு என்ன கிறுக்கா, நடந்ததை நடந்தபடி சொன்னால் என்ன, அவர் யாரைத் தூக்கில் போடப் போகிறார் என்று கேட்டேன்.

"நடந்ததைச் சொன்னா என்னாகுமுங்க? லயத்துக்குக் குடுத்தோம், நாசமாயிப் போச்சுன்னு ஆகும். அடுத்த தடவ மழை வந்தா சாவிய எடுக்கறவனுக்குக் கை வராதுங்க. ஸ்டோர்க்காரன் கெடுத்தான்னு இருக்கட்டும். குடுத்தது தப்புன்னு ஆயிரக்கூடாதுங்க. அடுத்த சாவி உங்க கையிலதான் இருக்குமுங்க அம்மிணி."

இரண்டு வருடம் கழித்து மறுபடி அப்படி ஒரு மழை வந்தது. நான் கேட்குமுன் முதலாளியே போன் செய்து ஸ்டோரைத் திறக்கச் சொன்னார். "பட்சே சரசு, துவைச்சுத் தர வேண்டாம்னு மட்டும் சொல்லிடு" என்றார். பட்சே என்றால் ஆனால். நான் அதை லயத்தில் எனக்குத் தெரிந்த மெதுவான வார்த்தைகளில் சொன்னேன். சார் இருந்திருந்தால் இன்னும் மெதுவாகச் சொல்லியிருப்பார்.

வருஷா வருஷம் செய்கிற வேலை என்று அவர் வாயிலிருந்து வந்துவிட்டதால், அதை நிஜமாகவே வருஷா வருஷம் செய்தேன். பைகள் பழசாகிப் புதுசு வந்த பிறகும் நிறுத்தவில்லை. புரட்டாசி வந்தால் பெண்கள் தாமாகவே "தட்டணுமேளா" என்று கேட்டு வந்துவிடுவார்கள். ஜின்சி, உன் கேள்விக்குப் பதில் இதுதான். பைக்கு அதனால் பெரிய நன்மை ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெறுகிற வருடத்துப் புரட்டாசியில் மாடியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தோம். பேச்சியம்மா அக்கா தட்டிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டாள்.

"சரசு, அந்தச் சாரைப் போய்ப் பாக்கப் போவியா?"

போகலாம் என்றிருக்கிறேன் என்றேன்.

"அன்னிக்கு நாங்க கெடுத்த பையில ஒண்ணு ஸ்டோர்ப் பரண்ல கெடக்குல்லா? அதை எடுத்துட்டு வா. இன்னொருக்கா தட்டித் தாரோம்."

கெடுத்தோம் என்று யார் சொன்னது என்றேன்.

"யாரு சொல்லணும்? தூளுக்குள்ள தலைமுடி கெடந்தாலே கண்டுபிடிக்கிற வெரலுளா இது. கட்டி கட்டியாக் கெடந்தது தெரியாமலா உக்காந்து உதிர்த்தோம்? மொத நாளே தெரியும். அந்த மனுசன் அவ்வளவு பாடுபட்டு மறைக்காரு, அதைப் போய் எதுக்குக் கலைக்கணும்னு விட்டோம்."

மற்றவர்கள் யாரும் நிமிரவில்லை. எல்லார் கையும் வேலை செய்துகொண்டிருந்தது. இத்தனை வருடம் அந்த மாடியில் ரகசியம் காத்தவள் நான் ஒருத்திதான் என்று நினைத்திருந்தேன். மண்டுதான் நான்.

பையைத் தட்டி, பருத்திச் சாக்கில் போட்டு, வாயை அவர்களே கட்டிக் கொடுத்தார்கள். மறையூர் வழியாக உடுமலைப்பேட்டைக்கு இறங்கி, பொள்ளாச்சியில் பஸ் மாறி, கொழிஞ்சாம்பாறை போய்ச் சேர்ந்தேன். மடியில் வைத்துக்கொண்டே போனேன், எங்கேயும் அமுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் முறைத்தார்கள்.

சார் வீட்டு முன்னால் களம். தேங்காய் உரித்துப் போட்டிருந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மெலிந்திருந்தார், மீசை வெள்ளையாகியிருந்தது. "வாங்க அம்மிணி, வாங்க" என்று எழுந்துவிட்டார். பையைக் கொடுத்தேன். பேச்சியம்மா அக்கா சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் சாக்கின் கட்டை அவிழ்த்துப் பையை வெளியே எடுத்து, கட்டிலில் விரித்து, நீவிவிட்டார். ஒரு ஓரம் இன்னும் சப்பையாகத்தான் இருந்தது.

"மொத நாளேவா?" என்று கேட்டார்.

"மொத நாளே சார்."

மூக்கை உள்ளே விட்டு மோந்தார். பிறகு கை தானாகக் கால்மாட்டுக்குப் போயிற்று. தோள்பட்டை வரை உள்ளே போய், நின்றது.

"ஏனுங்க அம்மிணி, கால்மாட்டுல கை விட்டுப் பாக்கலீங்களா?"

அத்தனை வருட வேலையில் முதல் தடவையாக நான் பார்க்காமல் விட்டிருந்தேன். இல்லை என்றேன். அவர் கையை வெளியே எடுத்தார். கருப்பட்டிப் பொட்டலம். அதைக் கட்டிலில் வைத்தார். கண் நிறைந்துவிட்டது அவருக்கு, துடைத்துக்கொள்ளவில்லை. மறுபடி கையை உள்ளே விட்டார்.

"இன்னும் இருக்குதுங்க" என்றார்.